யூடிபி லிசனர் போட்ட பிறகு கேட்டில் நிற்கும் டிரெய்லர் மேப்பில் இடம் மாறுகிறது: எங்கே தப்பு?

தேரடிப்பொண்ணு | வியாழன், இரவு 1:40

வணக்கம். லோடு பேலன்சர்ல (வர்ற டேட்டாவைப் பல சர்வருக்குப் பிரிச்சு அனுப்புறது) யூடிபி (இணைப்பு போடாம பாக்கெட்டை அனுப்பிவிடுற முறை) ஓட்டின அனுபவம் உள்ளவங்க யாராவது இருந்தா கொஞ்சம் பாருங்க. நீளமா எழுதுறேன். எந்த விவரம் முக்கியம், எது இல்லைன்னு எனக்கே இப்ப பிடிபடல.

நான் தண்டையார்பேட்டையில ஒரு சின்ன ஆபீஸ்ல வேலை பாக்குறேன். மொத்தமே நாலு பேர். துறைமுகத்துக்கு கன்டெய்னர் அடிக்கிற டிரெய்லர் வண்டிங்களுக்கு ஜிபிஎஸ் டிராக்கர் மாட்டி, வண்டி எங்க இருக்கு, எங்க எவ்வளவு நேரம் நின்னுச்சுன்னு ஓனருக்கும் டிரைவருக்கும் காட்டுறது எங்க வேலை. இப்ப 186 வண்டி. பாதிக்கு மேல மணலி, மாதவரம் பக்கத்து யார்டுங்கள்ல பெட்டி ஏத்திக்கிட்டு, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு வழியா காசிமேடு தாண்டி ஜீரோ கேட்டுக்கு (துறைமுக வாசல்) வர்ற வண்டிங்கதான்.

டிராக்கர் பேசுறது யூடிபி, போர்ட் 5027. வண்டி ஓடும்போது 20 செகண்டுக்கு ஒரு பாக்கெட். இன்ஜினை ஆஃப் பண்ணிட்டா 5 நிமிஷத்துக்கு ஒண்ணு. ரெண்டு வருஷமா ஏடபிள்யூஎஸ் (அமேசான் கிளவுட்) மும்பை ரீஜன்ல ஒரே ஒரு இசி2 மெஷின் (வாடகை சர்வர்), அதுக்கு ஒரு எலாஸ்டிக் ஐபி (மாறாத வெளி முகவரி). நல்லாத்தான் ஓடிச்சு. போன மாசம் ஒரு ராத்திரி டிஸ்க் நிறைஞ்சு மெஷின் நின்னுபோச்சு. விடியற வரைக்கும் 6 மணி நேரம் ஒரு வண்டியும் பதிவாகல. அதனாலதான் ரெண்டு சர்வர் வச்சு முன்னாடி நெட்வொர்க் லோடு பேலன்சர் (என்எல்பி) போடலாம்னு முடிவு பண்ணோம். (அப்ளிகேஷன் லோடு பேலன்சர்ல யூடிபி கிடையாது, அதை முதல்லயே பாத்துட்டேன்.)

நான் செஞ்சது: டிராக்கருக்குள்ள ஐபி நம்பரையே எழுதி வச்சிருக்கோம், டொமைன் பேரு இல்ல. 186 வண்டிக்கும் எஸ்எம்எஸ் கமாண்ட் அனுப்பி மாத்துறதை விட, பழைய எலாஸ்டிக் ஐபியை மெஷின்ல இருந்து கழட்டி, என்எல்பியை உருவாக்கும்போதே அதுக்குக் கொடுத்துட்டேன். லிசனர் (பேலன்சர் கேக்குற வாசல்) யூடிபி 5027, டார்கெட் குரூப் (பின்னாடி இருக்கிற சர்வர் பட்டியல்) யூடிபி 5027, ஒண்ணாம் சர்வர் ஒரு ஜோன்ல (தனி டேட்டா சென்டர் பகுதி), ரெண்டாம் சர்வர் இன்னொரு ஜோன்ல.

முதல்ல ஒரு பாக்கெட்டும் வரல. எங்க வெப்சைட்டுக்கு ஏற்கெனவே இருக்கிற பேலன்சர் பழக்கத்துல, சர்வரோட செக்யூரிட்டி குரூப்ல (ஃபயர்வால் மாதிரி) விபிசி ரேஞ்சை (எங்க உள் நெட்வொர்க் முகவரிகளை) மட்டும் திறந்து வச்சிருந்தேன். யூடிபியில டிராக்கரோட ஐபி அப்படியே சர்வர் வரைக்கும் வருது, அதை மாத்த முடியாதுன்னு படிச்ச பிறகு 5027ஐ வெளியில இருந்து திறந்துவிட்டேன். வந்துச்சு. அடுத்து, ரெண்டாம் சர்வருக்கு மட்டும் எதுவுமே போகல. எல்லா டிராக்கரும் ஒரே ஐபியைத்தானே கூப்பிடுது, அந்த ஐபி ஒண்ணாம் ஜோன்ல இருக்கு, கிராஸ் ஜோன் (வேற ஜோன் சர்வருக்கும் அனுப்புற செட்டிங்) ஆஃப்ல இருந்தா அந்த ஜோனுக்குள்ள இருக்கிற சர்வருக்கு மட்டும்தான் போகும். கிராஸ் ஜோனை ஆன் பண்ணேன், ரெண்டுக்கும் பிரிஞ்சு போச்சு.

ஹெல்த் செக் (சர்வர் உயிரோட இருக்கான்னு பேலன்சர் பாக்குறது) மட்டும் ரெண்டு நாள் சிவப்பாவே இருந்துச்சு. ஆனா டேட்டா வந்துக்கிட்டு இருந்தது, இது எனக்கு இன்னும் புரியல. அப்புறம் ரெண்டு மெஷின்லயும் என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்) போட்டு போர்ட் 80ல ஒரு பக்கம் வச்சு, ஹெல்த் செக்கை அங்க திருப்பினதும் பச்சை ஆயிடுச்சு.

இப்ப உண்மையான பிரச்சினை. செவ்வாய் ராத்திரி பத்தரைக்கு ஒரு டிரைவர் அண்ணன் போன் பண்ணார். "பாப்பா, நான் கேட்டுக்கு பதினோராவது வண்டியா நிக்கிறேன். உங்க மேப்பு என்னைய சாத்தாங்காட்டுல காட்டுதாம். ஓனர் போன்ல கத்துறாரு, நீ யார்டை விட்டே கிளம்பலையான்னு." எங்க வீடு திருவொற்றியூர் தேரடிதான். தம்பியை வண்டி எடுக்கச் சொல்லி நேரா போயிட்டேன். வண்டி அங்கதான் நிக்குது. டேஷ்போர்டுக்குக் கீழ, ஒயர் கட்டுக்குப் பின்னாடி டிராக்கரை டார்ச் அடிச்சுப் பாத்தேன். ஜிபிஎஸ் லைட்டு நிலையா எரியுது, நெட்வொர்க் லைட்டு ஒழுங்கா சிமிட்டுது. மடியில லேப்டாப் வச்சு கேபின்லயே உட்கார்ந்திருந்தேன். 5 நிமிஷம் கழிச்சு மேப்புல வண்டி கேட்டுக்கு வந்துச்சு. அடுத்த 5 நிமிஷத்துல மறுபடி சாத்தாங்காட்டுக்குப் போயிடுச்சு. சில கிலோமீட்டர் தள்ளி இருக்கு, வண்டியோட சக்கரம் ஒரு அடி நகரல.

வேற சில வண்டிங்க 15, 20 நிமிஷம் காணாமப் போய்த் திரும்ப வருது. ஓடுற வண்டி எதுக்கும் இந்தத் தொல்லை இல்ல. நிக்கிற வண்டிக்கு மட்டும்தான்.

கேட்டுல நிக்கிற நேரத்தை வச்சுத்தான் டிரைவருக்கு ஹால்டிங் காசு. மேப்பு தப்பாக் காட்டினா அந்த ராத்திரி முழுக்க அவர் நின்னது கணக்குலயே வராது. எங்க அப்பாவும் டிரெய்லர் ஓட்டினவர். கேபின்ல படுத்துக்கிட்டு வரிசை நகருமான்னு பாத்துக்கிட்டே இருக்கிற ராத்திரி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அதனால இதை "ஜிபிஎஸ் கொஞ்சம் தள்ளிக் காட்டும்"னு சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரல.

நெட்கேட் வச்சு போர்ட்டைச் சோதிச்சா "சக்சீடட்"னுதான் வருது. எங்க பாக்குறது?


பழையவண்ணை | வியாழன், காலை 7:15

தங்கச்சி, விவரமாக எழுதியதற்கு நன்றி. பாதி வேலை முடிந்தது. ஒவ்வொன்றாக வருகிறேன்.

நெட்கேட் சொல்லும் "சக்சீடட்" என்ற வார்த்தையை யூடிபியில் நம்பவே நம்பாதீர்கள். டிசிபியில் எதிர்முனை கை கொடுத்தால்தான் இணைப்பு. யூடிபியில் கை கொடுப்பது என்பதே கிடையாது. 1980இல் எழுதிய அதன் விதி மூன்றே பக்கம், தலைப்பகுதி 8 பைட்: வந்த போர்ட், போகும் போர்ட், நீளம், செக்சம், அவ்வளவுதான். "இந்தப் போர்ட்டில் யாரும் இல்லை" என்று ஒரு ஐசிஎம்பி செய்தி திரும்பி வராவிட்டால் நெட்கேட் அதை வெற்றி என்று எடுத்துக்கொள்ளும். நடுவில் ஃபயர்வால் பாக்கெட்டை விழுங்கினாலும் அதே "சக்சீடட்"தான்.

அடுத்து, சிவப்பாக இருந்தும் டேட்டா வந்த கதை. யூடிபி டார்கெட் குரூப்பாக இருந்தாலும் ஹெல்த் செக் யூடிபியில் நடக்காது. டிசிபி, எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் மூன்றில் ஒன்றில்தான். நீங்கள் எதையும் மாற்றாமல் விட்டிருப்பீர்கள், அது 5027இல் டிசிபி கதவைத் தட்டியிருக்கும், அங்கே யாரும் இல்லை, அதனால் சிவப்பு. ஆனால் குரூப்பில் இருக்கும் எல்லா டார்கெட்டும் சிவப்பானால் என்எல்பி கையை விரிக்காது, எல்லாவற்றுக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கும். ரெண்டு நாள் உங்களுக்கு வந்தது அப்படித்தான்.

நீங்கள் அதைச் சரிசெய்த விதம்தான் எனக்குக் கவலை. இப்போது 80இல் பதில் சொல்வது என்ஜின்எக்ஸ். டிராக்கர் புரோகிராம் செத்துக் கிடந்தாலும் என்ஜின்எக்ஸ் பச்சை காட்டும். 186 வண்டியில் பாதி அந்தச் சர்வருக்குப் போய்ப் புதைந்துகொண்டே இருக்கும், உங்களுக்கு ஒரு அலாரமும் வராது. போன மாசம் பட்டதை விட மோசம், ஏனென்றால் அன்றைக்கு எல்லாமே நின்றதால் காலையில் எல்லோருக்கும் தெரிந்தது.

செய்ய வேண்டியது: ஹெல்த் பக்கத்தை டிராக்கர் புரோகிராமே கொடுக்க வேண்டும். அந்தப் பக்கத்தை யாராவது கேட்டால், புரோகிராம் தன்னுடைய 127.0.0.1:5027க்கே ஒரு சோதனை பாக்கெட்டை அனுப்பி, ஒரு செகண்டுக்குள் பதில் வந்தால் 200 (சரி), வராவிட்டால் 503 (சரியில்லை). "கடைசியாக எப்போது வண்டியிலிருந்து பாக்கெட் வந்தது" என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். பொங்கல் அன்று எல்லா வண்டியும் நின்றால் நல்ல சர்வரும் சிவப்பாகிவிடும்.

இன்னொன்று, டார்கெட் குரூப்பில் சர்வரை நீக்கும்போதும் அது சிவப்பாகும்போதும் பழைய இணைப்புகளை வெட்டிவிடும் செட்டிங் ஆன் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் 20 செகண்டுக்கு ஒருமுறை பேசும் வண்டி தன் பழைய சர்வரையே பிடித்துக்கொண்டிருக்கும்.

இடம் மாறும் விஷயத்துக்கு ஊகத்தில் பதில் சொல்ல மாட்டேன். ரெண்டு சர்வரிலும் ஒரே நேரத்தில் டிசிபிடம்ப் (வரும் பாக்கெட்டைப் பிடித்துக் காட்டும் கருவி) ஓட்டி, ஒரே ஒரு வண்டியை எடுத்து, எந்த நேரம், எந்தச் சர்வர், வந்த போர்ட் என்ன, பாக்கெட்டுக்குள் வண்டியை எப்படி அடையாளம் சொல்கிறது என்று எழுதுங்கள். ரெண்டு மெஷினின் கடிகாரமும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

நாங்கள் யூடிபியை என்ஜின்எக்ஸ் ஸ்ட்ரீம் வைத்துப் பிரித்த காலம் உண்டு. என்எல்பி வந்தது 2017, அதில் யூடிபி வந்தது 2019 ஜூன். அதற்கு முன்னால் சிஸ்லாக் (சர்வர் பதிவுச் செய்தி) 514ஐ நாங்களே மெஷின் வைத்துத்தான் ஓட்டினோம். அதனால் சொல்கிறேன், கையில் டம்ப் இல்லாமல் யூடிபியைப் பற்றிப் பேசுவது வீண்.


தேரடிப்பொண்ணு | வெள்ளி, இரவு 12:25

அண்ணே, ரொம்ப நன்றி. ஹெல்த் பக்கத்தை நீங்க சொன்ன மாதிரியே இன்னைக்கு மாத்திட்டேன். சோதனைக்கு ரெண்டாம் சர்வர்ல டிராக்கர் புரோகிராமை நிறுத்திப் பாத்தேன், முப்பது செகண்டுல சிவப்பு. முன்னாடி இருந்ததை நினைச்சாலே பதறுது.

டம்ப் எடுத்தாச்சு. நல்லவேளையா அதே அண்ணன் இன்னைக்கும் கேட்டுல நின்னார். அதுக்கு முன்னாடி ஒரு விவரம்: வண்டி முதல்ல லாகின் பாக்கெட் அனுப்பும், அதுல ஐஎம்இஐ (டிராக்கரோட தனி அடையாள எண்) இருக்கும். எங்க சர்வர் பதில்ல ஒரு சின்ன நம்பர் கொடுக்கும். அதுக்கப்புறம் வர்ற பாக்கெட்ல ஐஎம்இஐ இருக்காது, அந்த நம்பரும் ஒரு தொடர் எண்ணும் இடமும் மட்டும். பாக்கெட் சின்னதா இருக்கணும்னு டிராக்கர் செஞ்சவங்க அப்படி வச்சிருக்காங்க. மூணு பாக்கெட்டுக்குப் பதில் வரலைன்னா டிராக்கர் மறுபடி லாகின் பண்ணும்.

அண்ணன் வண்டிக்கு ஒண்ணாம் சர்வர் கொடுத்த நம்பர் 47.

11:04:12, ஒண்ணாம் சர்வர், வந்த போர்ட் 41877, நம்பர் 47, தொடர் எண் 3310
11:06:40, ஒண்ணாம் சர்வர், வந்த போர்ட் 29051, நம்பர் 47, தொடர் எண் 871
11:09:13, ரெண்டாம் சர்வர், வந்த போர்ட் 52306, நம்பர் 47, தொடர் எண் 3311
11:11:41, ஒண்ணாம் சர்வர், வந்த போர்ட் 33790, நம்பர் 47, தொடர் எண் 872
11:14:13, ரெண்டாம் சர்வர், வந்த போர்ட் 18840, நம்பர் 47, தொடர் எண் 3312
11:19:14, ஒண்ணாம் சர்வர், வந்த போர்ட் 60125, நம்பர் 47, தொடர் எண் 3313

நடுவுல வர்ற 871, 872 எங்க இருந்து வருதுன்னு தெரியல. வந்த போர்ட்டும் ஒவ்வொரு தடவையும் மாறுது. ஓடுற வண்டி ஒண்ணை எடுத்துப் பாத்தேன், முக்கால் மணி நேரமா ஒரே போர்ட், ஒரே சர்வர்.


உப்பங்கழி | வெள்ளி, காலை 6:05

அக்கா, நான் கத்திவாக்கம். நெட்வொர்க் வேலைதான். உங்க டம்ப்பை ரெண்டு தடவை படிச்சேன், விடை அதுலயே இருக்கு.

நம்பர் கொடுக்குற கவுன்ட்டர் எங்க இருக்கு? ஒவ்வொரு சர்வரோட மெமரியிலயும் தனித்தனியா 1ல இருந்து எண்ணுதுன்னா, ஒண்ணாம் சர்வருக்கும் ஒரு 47 உண்டு, ரெண்டாம் சர்வருக்கும் ஒரு 47 உண்டு. ரெண்டும் வேற வேற வண்டி. ரெண்டாம் சர்வரோட 47 எதுன்னு பாருங்க. அது சாத்தாங்காட்டுல நிக்கிற வண்டியாத்தான் இருக்கும். 871, 872 அதோட தொடர் எண்.

உங்க டிரைவரோட பாக்கெட் ரெண்டாம் சர்வருக்குப் போகும்போது அது சாத்தாங்காட்டு வண்டி பேர்ல பதிவாகுது. அந்த வண்டியோட பாக்கெட் ஒண்ணாம் சர்வருக்கு வரும்போது உங்க டிரைவர் பேர்ல பதிவாகுது. ரெண்டு வண்டியும் ஒண்ணு பேர்ல இன்னொண்ணு உட்கார்ந்திருக்கு. ரெண்டு பக்கமும் சர்வர் "சரி"ன்னு பதில் சொல்லிடுது, அதனால டிராக்கர் மறுபடி லாகின் பண்றதே இல்ல. அந்தச் சர்வர்ல இல்லாத நம்பரா இருந்தா பதில் போகாது, மூணு பாக்கெட் வீணாகி, 15 நிமிஷம் கழிச்சு லாகின் ஆகும். உங்க "காணாமப் போய்த் திரும்ப வர்ற" வண்டிங்க அதுதான்.

நிக்கிற வண்டிக்கு மட்டும் ஏன் வருது? என்எல்பிக்கு யூடிபியில இணைப்புன்னு ஒண்ணு கிடையாது. புரோட்டோகால், வந்த ஐபி, வந்த போர்ட், போற ஐபி, போற போர்ட், இந்த அஞ்சையும் சேர்த்துக் கணக்குப் போட்டு ஒரு சர்வரைத் தேர்ந்தெடுக்கும். அந்த அஞ்சும் மாறாத வரைக்கும் ஒரே சர்வர். 120 செகண்ட் ஒரு பாக்கெட்டும் வரலைன்னா அந்த ஓட்டத்தை மறந்துடும். யூடிபிக்கு இந்த 120ஐ மாத்த முடியாது. 20 செகண்டுக்கு ஒருமுறை பேசுற வண்டிக்கு இது தெரியவே தெரியாது. 5 நிமிஷத்துக்கு ஒருமுறை பேசுற வண்டி ஒவ்வொரு தடவையும் புது ஆளு.

அதுவும் போதாதுன்னு நடுவுல மொபைல் நெட்வொர்க்கோட நாட் (முகவரி மாத்திவிடுற இடம்) இருக்கு. சிம்முக்குக் கிடைக்கிறது தனி ஐபி இல்ல, ஆயிரக்கணக்கான சிம் ஒரு வெளி ஐபிக்குப் பின்னாடி நிக்குது, ஒவ்வொண்ணுக்கும் ஒரு போர்ட். கொஞ்ச நேரம் பேசாம இருந்தா அந்தப் போர்ட்டைப் பிடுங்கி வேற ஒருத்தருக்குக் கொடுத்துடும். 2007ல வந்த விதி ரெண்டு நிமிஷத்துக்குக் குறையாம வச்சிருக்கச் சொல்லுது. உங்க வண்டி 5 நிமிஷம் பேசாம இருக்கு. உங்க டம்ப்புல போர்ட் 41877, 52306, 18840, 60125ன்னு ஓடுறது அதனாலதான். போர்ட் மாறினா கணக்கு மாறும், கணக்கு மாறினா சர்வர் மாறும்.

ஒரே மெஷின் இருந்தப்பவும் போர்ட் மாறிக்கிட்டுத்தான் இருந்திருக்கும். நீங்க நம்பரை வச்சு வண்டியைக் கண்டுபிடிச்சதால அது தெரியல, அந்த வடிவமைப்பு நல்லது. கவுன்ட்டர் ரெண்டா ஆனதுதான் கோளாறு.

இன்னைக்கே செய்ய வேண்டியது: ரெண்டாம் சர்வரை டார்கெட் குரூப்ல இருந்து எடுத்துடுங்க. தப்பாப் பதியறதை விட ஒரே சர்வர் மேல். அப்புறம் நிதானமா லாகின் பட்டியலைப் பொதுவான இடத்துக்கு மாத்துங்க. ஒரு சின்ன ரெடிஸ் (மெமரியில ஓடுற டேட்டாபேஸ்) போதும். நம்பரை அதுலயே ஒரே கவுன்ட்டர்ல ஏத்திக் கொடுங்க, நம்பருக்கு எதிர்ல ஐஎம்இஐயை வைங்க, எந்தச் சர்வருக்கு வந்தாலும் அங்க பாக்கட்டும். நம்பருக்கு எத்தனை பைட்? ரெண்டு பைட்டுன்னா 65,535க்கு மேல மறுபடி ஆரம்பிக்கும், அப்ப பழைய நம்பர் உயிரோட இருக்கான்னு பாத்துட்டுக் கொடுக்கணும்.


மின்ட்_மணிக்கூண்டு | வெள்ளி, காலை 10:50

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். டார்கெட் குரூப்பில் ஸ்டிக்கினஸ் என்று ஒன்று இருக்கிறதே, வந்த ஐபியை வைத்து ஒரே சர்வருக்கு அனுப்பும். அதை ஆன் செய்தால் புரோகிராம் கோடு எதையும் தொடாமல் முடிந்துவிடாதா? இல்லையென்றால் நிற்கும் வண்டியையும் 60 செகண்டுக்கு ஒருமுறை பேசச் சொல்லலாம். அதுவும் பிடிக்காவிட்டால் டிசிபிக்கே போய்விடுங்கள்.


உப்பங்கழி | வெள்ளி, பகல் 1:20

மூணும் நியாயமான கேள்விதான் அண்ணா.

ஸ்டிக்கினஸ் ஐபியை மட்டும் பாக்கும். ஒரு வெளி ஐபிக்குப் பின்னாடி எத்தனை வண்டி இருக்குன்னு நமக்குத் தெரியாது, 186ல நூறு வண்டி ஒரே சர்வர் மேல விழலாம். அது பரவாயில்லைன்னாலும், நாட் வெளி ஐபியையே மாத்தினா வண்டி சர்வர் மாறிடும், அன்னைக்கு மறுபடி 47ம் 47ம் மோதும். நோயை மறைக்கும், தீர்க்காது.

60 செகண்டுக்கு ஒரு சின்ன பாக்கெட் அனுப்புறது நல்ல யோசனை, ஆனா வேற காரணத்துக்கு. 40 பைட் டேட்டான்னு வச்சுக்கிட்டா ஐபி, யூடிபி தலைப்பு 28 பைட்டும் சேர்த்து 68. ஒரு நாளைக்கு 1440 பாக்கெட், ஏறத்தாழ 98 கேபி. பதிலையும் சேர்த்தா அதைப் போல ரெண்டு மடங்கு, மாசத்துக்கு கிட்டத்தட்ட 6 எம்பி. சிம் தாங்கும். ஆனா கேட்டுக்கிட்ட சிக்னல் ஒரு ரெண்டு நிமிஷம் போனாப் போதும், ஓட்டம் அறுந்துடும். அதை நம்பிக் கணக்கு வைக்கக் கூடாது.

அது எதுக்கு உதவும்னா, சர்வர்ல இருந்து வண்டிக்குக் கமாண்ட் அனுப்ப. அக்கா, இதை நீங்க செய்றீங்களான்னு தெரியல. செஞ்சீங்கன்னா கவனிங்க: நிக்கிற வண்டிக்கு நீங்களா முதல்ல பேச முடியாது. என்எல்பி ஓட்டத்தை மறந்திருக்கும், நாட்டும் கதவை மூடியிருக்கும். கமாண்டை வரிசையில போட்டு வைங்க. வண்டி அடுத்து எப்பப் பேசுதோ, அந்தப் பதிலோட சேர்த்து அனுப்புங்க.

டிசிபிக்குப் போனா இணைப்பு ஒரே சர்வர்ல நிக்கும், உண்மை. ஆனா என்எல்பியில டிசிபிக்கும் சும்மா இருந்தா 350 செகண்ட்தான், நீங்களா மாத்தினா ஒழிய. சிக்னல் போய் வந்தா மறுபடி இணைப்பு, மறுபடி லாகின். அதுக்கும் பொதுப் பட்டியல் இருந்தாத்தான் நல்லது. எப்படிப் போனாலும் ரெடிஸ் வேலையைச் செய்யாமத் தப்பிக்க முடியாது. அதைச் செஞ்சுட்டா யூடிபியே போதும்.


பழையவண்ணை | வெள்ளி, மாலை 6:30

உப்பங்கழி சொன்னது முழுக்கச் சரி. தங்கச்சி, நான் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். தப்பாகப் பதிவான பழைய டேட்டாவை அழித்துவிடாதீர்கள். தொடர் எண் ஒவ்வொரு வண்டிக்கும் தனி என்பதால் 3310, 3311, 3312 என்று கோத்து எடுத்து உரிய வண்டிக்குத் திருப்பி எழுத முடியும். பாக்கெட்டை வந்தபடியே சேமித்து வைத்திருக்கிறீர்களா?

ரெடிஸை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஒண்ணாம் சர்வரிலேயே வைத்தால் அது போனால் ரெண்டும் போச்சு. தனியாக, ஒரு நகலோடு வையுங்கள். ரெடிஸ் எட்டாவிட்டால் சர்வர் ஊகித்து எதையும் பதிய வேண்டாம், பதில் அனுப்பாமல் விட்டுவிடட்டும். டிராக்கர் தானே மறுபடி அனுப்பும்.


தேரடிப்பொண்ணு | புதன், இரவு 11:55

எல்லாருக்கும் நடந்ததைச் சொல்லிடுறேன். இதே மாதிரி ஒருத்தர் தேடிக்கிட்டு வந்தா உதவும்.

உப்பங்கழி தம்பி, நீ சொன்னது அப்படியே இருந்துச்சு. ரெண்டாம் சர்வரோட 47, சாத்தாங்காட்டு யார்டுல பெட்டிக்காக நின்ன வண்டி. அந்த ஓனருக்கும் போன் பண்ணிக் கேட்டேன். செவ்வாய் ராத்திரி தன் வண்டி ஜீரோ கேட்டுக்குப் போயிட்டு வந்ததா மேப்புல பாத்துட்டு, டீசல் எங்க போச்சுன்னு டிரைவரைக் கேட்டிருக்கார். அந்த டிரைவர் தம்பி யார்டுல தூங்கிக்கிட்டு இருந்தேன்னு சொல்லியும் அவர் நம்பல. நானே பேசி, தப்பு எங்களோடதுன்னு சொன்னேன். கேட்டுல நின்ன அண்ணன் ஒருத்தர் மட்டும் பாதிக்கப்பட்டதா நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். அது ரெண்டு பேருக்கு நடந்த விஷயம்.

வெள்ளி மதியமே ரெண்டாம் சர்வரை வெளிய எடுத்துட்டேன். சனி, ஞாயிறு உட்கார்ந்து ரெடிஸ் மாத்தினேன். நம்பர் ரெண்டு பைட்தான், கொடுக்கறதுக்கு முன்னாடி பழசு உயிரோட இருக்கான்னு பாக்குது. 24 மணி நேரம் சத்தமே இல்லாத நம்பர் தானா விழுந்துடும். பழைய நம்பரோட வர்ற வண்டிங்க குழப்பக் கூடாதுன்னு, மாத்தின அன்னைக்கு கவுன்ட்டரை 1000ல இருந்து ஆரம்பிச்சேன். அப்ப 47ன்னு எது வந்தாலும் பதில் போகாது, கால் மணி நேரத்துல மறுபடி லாகின் ஆகும். திங்கள் காலை பத்து மணிக்குள்ள எல்லா வண்டியும் புது நம்பருக்கு வந்துடுச்சு. எண்ணிப் பாத்தேன், 186. ரெண்டாம் சர்வரைத் திங்கள் மதியம் திரும்பச் சேர்த்தேன்.

பழையவண்ணை அண்ணே, பாக்கெட் வந்தபடியே ஃபைல்ல இருந்துச்சு. தொடர் எண்ணை வச்சுக் கோத்ததுல, என்எல்பி போட்ட நாள்ல இருந்து 23 வண்டிக்கு இடம் மாறிப் பதிவாகியிருந்துச்சு. எல்லாத்தையும் உரிய வண்டிக்குத் திருப்பி எழுதியாச்சு. ஹால்டிங் கணக்கு மாறின ஏழு வண்டிக்கும் ஓனருக்குத் திருத்தின விவரத்தை பிரின்ட் எடுத்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், டிரைவருக்கும் ஒரு நகல். கேட்டு அண்ணனுக்குச் செவ்வாய் ராத்திரி 9 மணி நேரம் 35 நிமிஷம். முன்னாடி கணக்குல இருந்தது 4 மணி நேரம் 10 நிமிஷம்.

கமாண்ட் நாங்க அனுப்புறது உண்டு, வண்டி நின்னா சில நேரம் போகாது, சிக்னல்னு விட்டுட்டிருந்தோம். அதையும் வரிசையில போட்டு பதிலோட அனுப்புற மாதிரி எழுதிக்கிட்டு இருக்கேன்.

இன்னைக்கு ராத்திரி எக்ஸ்பிரஸ் ரோட்டுல வரிசை டோல்கேட் வரைக்கும் இருக்கு. மேப்பைத் திறந்து வச்சிருக்கேன். 31 வண்டி வரிசையில நிக்குது, ஒண்ணும் நகரல.